பெற்றோலுக்கு வலுவளித்த பேரறிஞர் இப்பாத்தியேவ்

பெற்றோலைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் நம் மனக்கண்முன் எழுவன பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளும், அவற்றால் பெருஞ் செல்வரானோர் வாழும் மாளிகைகளுமே. மண்ணின் ஆழத்திலிருந்து கரிய குழம்பாய் மேலெழும் மசகெண்ணெயைத் தரமான எரிபொருளாக்கிய இரசாயன அறிஞர்களை நினைப்போர் மிகச் சிலர். அவ்வாறு மறக்கப்பட்டோருள் தலைசிறந்தவர் விளாதிமிர் நிக்கொலாயெவிச் இப்பாத்தியேவ். பீரங்கிப் படையில் அதிகாரியாய்த் தொடங்கி, சார் மன்னனின் லெப்டினன்ட் ஜெனரலாய் உயர்ந்து, புரட்சி அரசின் இரசாயனத் தொழிலுக்குத் தலைமை தாங்கி, ஈற்றில் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் தம் வாழ்வின் மிகப் பெரிய தொழிற் கண்டுபிடிப்புகளைச் செய்த விந்தை மனிதர் அவர். ஒருவர் வாழ்வுக்குள் மூவர் வாழ்வு அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

1867ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி மொஸ்கோ நகரில் கட்டடக் கலைஞரொருவரின் மகனாக இப்பாத்தியேவ் பிறந்தார். குடும்ப வழக்கப்படி படைத்துறைப் பள்ளியிற் சேர்க்கப்பட்ட அவர் இளமையிற் சிறந்த மாணவராகத் திகழவில்லை. கணிதமும் இரசாயனமும் நெஞ்சைப் பற்றிக்கொண்ட பின்னரே அவரிடத்திற் புதியதோர் ஊக்கம் பிறந்தது. அக்காலத்துப் படைத்துறைக் கல்லூரிகளில் வெடிமருந்துக்கும் உருக்குக்கும் வேண்டிய அளவு இரசாயனமே கற்பிக்கப்பட்டது. அஃது அவருக்குப் போதவில்லை. மெந்தலேயெவ் எழுதிய பாடநூலை வைத்துத் தாமே கற்றார். இளம் அதிகாரியாய்ப் பெற்ற சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டிலேயே சிறியதோர் ஆய்வுகூடம் அமைத்துக்கொண்டார். 1892இல் சென். பீற்றர்ஸ்பர்க் பீரங்கிப் படைக் கலைக்கழகத்திற் படிப்பை முடித்ததும் அங்கேயே ஆசிரியரானார். வர்வாரா என்னும் நங்கையை மணந்ததும் அவ்வாண்டிலேதான். பின்னாளிற் கணவருடன் கடல் கடந்து சென்று, அவருடைய இறுதி மூச்சுவரை உடனிருந்தவர் இவ்வம்மையார்.

1896இல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்ற இப்பாத்தியேவ், மியூனிக் நகரில் புகழ்பெற்ற பாயர் என்பாரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்ரேற்றர் அங்கே அவருக்கு நண்பரானார். ஐசோபிரீன் என்னும் பொருளின் மூலக்கூற்றமைப்பை இப்பாத்தியேவ் அங்கேதான் தெளிவாக்கினார். நம் தோட்டங்களில் வெட்டுவாய் வழியே சிரட்டையில் வடியும் இறப்பர்ப் பாலுக்கு அடிப்படையாயிருப்பது இந்த ஐசோபிரீனே.

நாடு திரும்பிய பின்னர் அவர் செய்த பரிசோதனையொன்று மிகவும் எளிமையானது. ஆயினும் அதிலிருந்தே எல்லாம் விளைந்தன. அற்ககோலின் ஆவியைச் சூடேற்றிய குழாயொன்றின் வழியே செலுத்தினார். இத்துணை வெப்பத்தில் சேதனப் பொருள்கள் பலவாறாகச் சிதைந்து ஒழுங்கற்ற கலவையொன்றையே தரும் என்பது அக்காலத்தோர் நம்பிக்கை. ஆனால் இரும்புக் குழாயைப் பயன்படுத்தியபோது கிடைத்தது பெரும்பாலும் அல்டிகைட்டும் ஐதரசனுமே. கண்ணாடிக் குழாயில் அவ்வாறு நிகழவில்லை. சூடும் பொருளும் ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? குழாயின் சுவரே தாக்கத்தில் பங்குகொள்கிறது என்று அவர் துணிந்தார். தான் மாறாது பிறவற்றை மாற்றும் ஊக்கியாக அவ்விரும்பு தொழிற்பட்டது. பின்னர் காரீயமும் களிமண்ணுங் கலந்து செய்த பாத்திரத்தைக் கொண்டு சோதித்தபோது வேறொரு விளைவு தோன்றியது. அற்ககோல் நீரை இழந்து எதிலீன் வாயுவாயிற்று. களிமண்ணிலிருந்த அலுமினாவே அதற்குக் காரணம் என்பதைத் தேடிக் கண்டார். (நம் நாட்டுக் காரீயம் அந்நாளில் மூசை செய்வோரால் மேல்நாடுகளில் விரும்பி வாங்கப்பட்டது என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.) ஒரே பொருளை ஒரு சுவர் ஒரு வழியிலும் மற்றொரு சுவர் வேறு வழியிலும் செலுத்துகிறது. இன்றைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் பெருங் கோபுரங்களுக்குள் நடைபெறுவதன் சாரம் இதுவே.

அடுத்து அவர் அமுக்கத்தின்மேற் கவனம் செலுத்தினார். ஐதரசன் வாயுவை நிக்கலின் உதவியோடு பிற பொருள்களுடன் சேர்க்கும் முறையைப் பிரான்சு தேசத்துச் சபாத்தியே சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் நடத்திக் காட்டியிருந்தார். பீரங்கிகளின் குழலுக்குள் எத்தகைய அமுக்கம் எழுகிறது என்பதை நன்கறிந்த இப்பாத்தியேவுக்கோ அந்த எல்லை அச்சந் தரவில்லை. தடித்த உருக்கினாற் செய்த உருளையொன்றை அமைத்து, அதன் மூடிக்கும் உடலுக்கும் இடையே மெல்லிய செம்பு வளையம் வைத்து இறுக்கினார். எஃகு விளிம்பு மென்மையான செம்பினுட் பதிந்து வாயு கசியாதபடி அடைத்துவிடும். பல நூறு மடங்கு வளிமண்டல அமுக்கமும், 400, 500 பாகை வெப்பமும் அக்கலத்துள் அடங்கி நின்றன. இரசாயனர்கள் அதனை இப்பாத்தியேவின் குண்டு என்றே அழைத்தனர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. வெடிக்காமலிருப்பதே அந்தக் குண்டின் பெருமை.

இக்கலத்தைக் கொண்டு அவர் பெற்ற பேறுகள் பல. பென்சீன் போன்ற இலகுவில் இணங்காத பொருள்களையும் ஐதரசனோடு சேர்த்தார். ஒரு ஊக்கியோடு இன்னொன்றைக் கலந்தால் அவ்விரண்டும் சேர்ந்து தனித்தனியே செய்யவியலாத வேலையைச் செய்யும் என்பதையும் காட்டினார். உயர் அமுக்கமும் ஊக்கியும் கைகோத்த தொழில் நெறி இங்கேதான் முளைத்தது எனலாம். ஆயினும் 1912இல் நோபல் பரிசு சபாத்தியேவுக்குச் சென்றது. உயர் அமுக்க முறைகளுக்காகவே 1931இல் வழங்கப்பட்ட பரிசு ஜெர்மானியரான பொஷ், பேர்ஜியுஸ் ஆகிய இருவரையுஞ் சேர்ந்தது. அவ்விருவரும் பரிசுக்குத் தகுதியற்றோர் என்று எவருஞ் சொல்லார். ஆனால் அவ்வழியில் முதலில் நடந்தவரின் பெயர் அப்பட்டியலில் இல்லாதிருப்பது அப்பரிசின் வரலாற்றில் ஒரு குறையே என்பது எமது கருத்து.

1914இல் மூண்ட உலகப் போர் அவரை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே இழுத்தது. ருஷ்யாவின் பீரங்கிகளுக்குக் குண்டில்லை. குண்டுகளை நிரப்ப வெடிமருந்தில்லை. வெடிமருந்துக்கு வேண்டிய தொலுயீன் அதுவரை வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. நிலக்கரியைச் சூளையிலிட்டுக் கற்கரியாக்கும்போது வெளியேறும் வாயுக்களில் பென்சீனும் தொலுயீனும் இருப்பினும் அவை வீணே காற்றிற் கலந்தன. டொனெற்ஸ் நிலக்கரிப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்ட இப்பாத்தியேவ், நெடுங்காலம் வேண்டும் என்று பிறர் கணித்த வேலையைச் சில மாதங்களில் நிறைவேற்றி, கதியேவ்காவில் பென்சீன் தொழிற்சாலையை இயங்கச் செய்தார். வீணாய்ப் போகும் வாயுவிலிருந்து பயன் பெறும் இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 20 ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு கண்டத்தில் அதுவே அவருக்குக் கைகொடுத்தது. படையின் இரசாயனக் குழுவுக்குத் தலைவரானார். 1916இல் விஞ்ஞானக் கலைக்கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. ஆனால் அப்போர் அவருடைய மைந்தருள் ஒருவரான திமித்ரியைப் பலி கொண்டது.

1917இல் புரட்சி வந்தது. சாரின் தளபதிகளுள் பலர் நாட்டைவிட்டு ஓடினர். பலர் எதிர்ப்படையிற் சேர்ந்தனர். இப்பாத்தியேவின் மற்றொரு மைந்தர் நிக்கொலாய் புரட்சிக்கு எதிரான படையோடு சென்று நாட்டை விட்டு வெளியேறியவர். பின்னர் ஆபிரிக்காவில் உயிர் துறந்தார். சார் மன்னனும் அவர் குடும்பத்தினரும் 1918 ஜூலையிற் கொல்லப்பட்ட ஏகாத்தரின்பர்க் வீடோ இப்பாத்தியேவின் சகோதரருக்குச் சொந்தமாயிருந்தது. இத்தனைக்கும் நடுவே அவர் நாட்டிலேயே தங்கினார். அவர் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தாரல்லர். தம் சமய நம்பிக்கையையும் கைவிட்டாரல்லர். அரசு மாறினும் நாடு மாறுவதில்லை, தொழிற்சாலைகள் நின்றுபோனால் பட்டினி கிடப்போர் மக்களே என்பது அவர் கொண்ட கொள்கை. லெனின் அவருடைய தகுதியை உணர்ந்திருந்தார். 1921இல் நாட்டின் இரசாயனத் தொழில் நிருவாகம் முழுவதும் இந்தப் பழைய ஜெனரலிடம் ஒப்படைக்கப்பட்டது. 1927இல் லெனின் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே லெனின்கிராட்டில் உயர் அமுக்க ஆய்வு நிலையமொன்றும் அவர் தலைமையில் உருவாயிற்று.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. லெனின் மறைந்தார். நிருவாகப் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்பாத்தியேவின் கையைவிட்டு அகன்றன. 1929இல் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் கைதாகத் தொடங்கினர். பழைய ஆட்சியில் உயர்பதவி வகித்தவர், ஜெர்மன் கம்பனிகளோடு அலுவல் காரணமாகத் தொடர்புடையவர், கட்சியிற் சேராதவர் ஆகிய மூன்று குற்றங்களும் ஒருங்கே பொருந்திய மனிதரின் வாசற் கதவு ஒருநாள் இரவில் தட்டப்படாதிருக்குமா? 1930 ஜூன் மாதத்தில் பேர்லின் நகரில் நடந்த உலக மின்வலு எரிபொருள் மாநாட்டுக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. மனைவியையும் உடனழைத்துச் சென்றார். புகைவண்டி எல்லையைக் கடந்த பின்னரே, இனி நாம் திரும்பப்போவதில்லை என்ற செய்தியை அவ்வம்மையாருக்குத் தெரிவித்தார் என்பர். பெட்டியில் இருந்தது சில நாட் பயணத்துக்கு வேண்டிய உடைகளே. லெனின்கிராட்டில் இருந்தவர்களோ மகள் அன்னாவும், தந்தையைப் போலவே இரசாயனவியலறிஞரான மகன் விளாதிமிரும்.

தொண்டை நோய்க்குச் சிகிச்சை பெற வேண்டும் என்பது அவர் வெளிநாட்டிற் தங்கியதற்குச் சொன்ன காரணம். அது பொய்க் காரணமுமன்று. அமெரிக்காவில் அவருக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. ஆனால் சிக்காகோவிலுள்ள யூனிவேர்சல் ஒயில் புரொடக்ற்ஸ் என்னும் கம்பனி அதற்குள் அவரை விரும்பி அழைத்திருந்தது. அக்கம்பனி எண்ணெய் தோண்டுவதுமில்லை, விற்பதுமில்லை. எண்ணெயைச் சுத்திகரிக்கும் முறைகளைக் கண்டுபிடித்து, அவற்றைப் பயன்படுத்தும் உரிமையைப் பிற கம்பனிகளுக்கு விற்பதே அதன் தொழில். ஆய்வே அதன் முதல்; ஆய்வே அதன் சரக்கு. 63 வயதில், ஆங்கிலம் சரளமாக வராத நிலையில், இப்பாத்தியேவ் அங்கே புதிய வாழ்வு தொடங்கினார். அருகிலிருந்த நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். பெரும்பாலானோர் ஓய்வூதியம் பெற்றுத் திண்ணையிற் சாய்ந்திருக்கும் வயது அது!

அப்போது மோட்டார் எந்திரங்களுக்கு இருந்த பெருந் தொல்லை தட்டொலி. எந்திரத்துள் பெற்றோலும் காற்றுங் கலந்த வாயு அமுக்கப்படும்போது, உரிய கணத்தில் ஒழுங்காக எரியாமல், திடீரென வெடித்து உலோகத்தைத் தட்டும். அமுக்கம் மிகுந்தால் எந்திரத்தின் வலுவும் மிகும். ஆனால் தட்டொலியும் மிகும். ஆகவே எந்திரத்தின் வலுவுக்கு எரிபொருளின் தன்மையே எல்லை வகுத்தது. தட்டொலியைத் தாங்கும் ஆற்றலை ஒக்ரேன் எண்ணால் அளப்பர். நேர்ச்சங்கிலியாய் நீண்ட எப்ரேனுக்கு 0 என்றும், கிளைகள் நிறைந்த ஐசோ ஒக்ரேனுக்கு 100 என்றும் வகுத்துக்கொண்ட அளவுகோல் அது. மூலக்கூற்றிற் கிளை மிகுந்தால் எரிபொருள் அமைதியாக எரியும்; இதுவே அதன் சூட்சுமம்.

பெரிய மூலக்கூறுகளை வெப்பத்தால் உடைத்துப் பெற்றோலாக்கும் முறையை அக்கம்பனி ஏற்கெனவே கையாண்டது. அவ்வாறு உடைக்கும்போது புரொப்பிலீன், பியூற்றிலீன் போன்ற வாயுக்களும் ஏராளமாகத் தோன்றும். அவற்றைப் பயனற்றவையெனக் கருதி எரித்தனர். கதியேவ்காவின் சூளைகளைக் கண்டவருக்கு இக்காட்சி புதிதன்று. பொசுபோரிக்கமிலத்தை நுண்டுளைகள் நிறைந்த கீசல்கூர் என்னும் மண்ணில் ஊறவைத்துச் சூடாக்கி, உலர்ந்த திண்ம ஊக்கியொன்றை இப்பாத்தியேவ் உருவாக்கினார். அதன் மீது செலுத்தப்பட்ட வாயு மூலக்கூறுகள் இரண்டும் மூன்றுமாக இணைந்து உயர்ந்த ஒக்ரேன் எண்ணுடைய திரவமாயின. வாயுவாய் எரிந்து போனது பெற்றோலாய்த் தொட்டியில் நிறைந்தது. 1930களின் நடுப்பகுதியிலேயே இம்முறை தொழிற்சாலைகளுக்குச் சென்றது.

மற்றொரு கண்டுபிடிப்பு இதனினுந் துணிவு மிக்கது. பரபின் என்ற இனத்துக்கு அப்பெயர் வந்ததே, பிறவற்றோடு நட்புக் குறைந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களிலிருந்துதான். அவை குறைந்த வெப்பத்தில் எதனோடும் சேரா என்பது பாடநூல்களில் எழுதியிருந்த விதி. போலந்திலிருந்து குடியேறி அவருக்கு உதவியாளராயிருந்த ஹேர்மன் பைன்ஸ் என்னும் இளைஞர், ஒலிபீன்களை வலிமைமிக்க சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்த பின்னர் கிடைத்த திரவத்தில் பரபின் இருப்பதைக் கண்டார். அது எங்கிருந்து வந்தது? இந்தச் சிறிய வினாவைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் மேலே சென்றனர். தகுந்த அமில ஊக்கி இருந்தால், கிளையுள்ள பரபின்கள் ஒலிபீன்களோடு தாராளமாக இணைகின்றன என்று 1932இல் அவர்கள் நிறுவினர். நட்பற்றவை எனப் பெயரெடுத்தவை நட்புக் கொண்டன. அற்கைலேற்றம் எனப்படும் இம்முறையால் விளையும் திரவம், ஆகாய விமானங்களுக்கு ஏற்ற மிக உயர்ந்த எரிபொருளாகும். 65 வயதானவர், தாம் ஒரு தலைமுறைக் காலமாய் மாணவருக்குக் கற்பித்து வந்த விதியைத் தாமே தகர்த்ததை என்னென்பது!

இதன் பயன் 1940இல் உலகுக்குத் தெரிந்தது. பிரித்தானிய ஆகாயப் படையின் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் அதுவரை பயன்படுத்திய 87 ஒக்ரேன் எரிபொருளுக்குப் பதிலாக 100 ஒக்ரேன் எரிபொருளை ஏற்றுக்கொண்டு கோடைகால ஆகாயப் போரிற் பறந்தன. அதே எந்திரம் கூடிய அமுக்கத்தில், கூடிய வலுவோடு இயங்கிற்று. அவ்வெற்றிக்குப் பெற்றோல் மட்டுமே காரணம் என்போமாயின் விமானிகளுக்கு அநீதி இழைத்தவராவோம். ஆயினும் வாயு மூலக்கூறுகளை இணைத்து உயர்ரகப் பெற்றோல் செய்யும் முறைகள் வளராதிருந்தால் அவ்வகை எரிபொருள் போதிய அளவு கிடைத்திராது. எதிர்த்து வந்த ஜெர்மன் விமானங்களோ பெரும்பாலும் நிலக்கரியை உயர் அமுக்கத்தில் ஐதரசனோடு சேர்த்துச் செய்த பெற்றோலிற் பறந்தன. அம்முறைக்கும் பாதை காட்டியது சென். பீற்றர்ஸ்பர்க்கின் அந்த உருக்கு உருளையே. ஒரே வானில் மோதிய இரு படைகளுக்கும் இந்த அகதி அறிஞர் கடன் கொடுத்திருந்தார்.

புகழ் இவ்வாறு வளர, தாயகத்தில் அவர் பெயர் அழிக்கப்பட்டது. திரும்பி வருமாறு சோவியத் அரசு அழைத்தது, அவர் செல்லவில்லை. 1936 டிசம்பரில் விஞ்ஞானக் கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பாரிசில் தங்கிவிட்ட சிச்சிபாபின் என்னும் மற்றோர் இரசாயன அறிஞருக்கும் அதே கதி நேர்ந்தது. 1937 தொடக்கத்தில் இருவரும் குடியுரிமையையும் இழந்தனர். அவையெல்லாவற்றினும் கொடிது ஒன்று உண்டு. லெனின்கிராட்டில் எஞ்சியிருந்த மகன் விளாதிமிர், தந்தையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அக்காலத்து ருஷ்யாவில் அப்படிச் சொல்ல மறுத்தவனுக்கு என்ன நேரும் என்பதை அறிந்த எவரும் அம்மகனைக் குறைகூறத் துணியார். தந்தைக்கும் அது தெரியாததன்று. தெரிந்ததனால் மனப்புண் ஆறிவிடுமா?

அவர் சென்றது சரியோ தவறோ என்று வாதிடுவோர் உளர். உடன் பணியாற்றியோர் கைதாகியபோது தாம் மட்டுந் தப்பினார் என்பர் ஒரு சாரார். தங்கியிருந்தால் அவரும் சிறையில் மடிந்திருப்பார், உலகுக்கு என்ன இலாபம் என்பர் மற்றவர். அவருடைய நடத்தையைக் கூர்ந்து நோக்கினால், அவர் தம்மை ஒருபோதும் மன்னித்துக்கொண்டவராகத் தோன்றவில்லை. அமெரிக்கக் குடிமகனாய் வாழ்ந்தபோதும் சிக்காகோவில் சொந்த வீடென ஒன்றை நாடாது, மனைவியுடன் ஹோட்டல் அறைகளிலேயே நெடுங்காலம் தங்கினார். தாய் தந்தையரை இழந்த ருஷ்யச் சிறுமியர் இருவரை எடுத்து வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் தாய்நாடு தாக்கப்பட்டபோது, திரும்பிச் சென்று உதவ விரும்பினார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை.

அமெரிக்கா அவரை மதித்தது. 1939இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கலைக்கழகம் அவரை அங்கத்தவராக்கியது. 1940இல் வில்லாட் கிப்ஸ் பதக்கம் கிடைத்தது. ஈட்டிய செல்வத்திற் பெரும் பகுதியைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கும், இளம் ஆய்வாளருக்கான பரிசொன்றுக்கும் வழங்கினார். அவருடைய பெயரில் ஏறத்தாழ 200 உரிமைப் பத்திரங்கள் பதிவாயின. அவரிடம் பயின்ற விளாதிமிர் ஹென்சல், பிளாற்றினத்தை ஊக்கியாகக் கொண்டு பெற்றோலைத் தரமுயர்த்தும் முறையை ஆக்கினார். 1949இல் தொழிற்சாலைக்கு வந்த அம்முறையிலும், ஒரு ஊக்கியோடு இன்னொன்றைச் சேர்க்கும் ஆசிரியரின் பழைய எண்ணமே உருவாகி நின்றது. 1946இல் இப்பாத்தியேவின் தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனைப் படிப்போர் வியக்கும் செய்தி, தம் நாட்டைப் பற்றி அதில் வசை மிகுதியாக இல்லாதிருப்பதே.

80 வயதுக்குப் பின்னரும் அவர் ஆய்வுகூடம் செல்வதை நிறுத்தவில்லை. 1952ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, 85 வயது நிறைந்து எட்டு நாட்களில், சிக்காகோவில் காலமானார். 60 ஆண்டுகள் உடன் வாழ்ந்த வர்வாரா அம்மையார் சில நாட்களிலேயே கணவரைத் தொடர்ந்தார். 1990இல், அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பின்னர், சோவியத் விஞ்ஞானக் கலைக்கழகம் தன் அங்கத்தவர் பட்டியலில் அவர் பெயரை மீண்டும் எழுதிக்கொண்டது.